அடுத்த கம்பெனி கணினியில் செருகிய போன்

2002 ஜூலை 17 அன்று நியூயார்க் மேக்வேர்ல்டு மாநாட்டு மேடையில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் அவிழ்த்துவிட்ட அறிவிப்புகளில் இரண்டு, இன்று கேட்டால் நம்பச் சிரமமானவை. ஒன்று, விண்டோஸ் கணினியோடும் வேலை செய்யும் ஐபாட் பாட்டுக் கருவி. இன்னொன்று, ஐசிங்க் என்ற மென்பொருள். சோனி எரிக்சன் டி68ஐ போனை மேக் பக்கத்தில் வைத்தால், அதிலிருக்கும் பெயர்களும் எண்களும் புளூடூத் வழியே கணினிக்கு வரும்; கணினியில் குறித்துவைத்த சந்திப்புகள் போனுக்குப் போகும். பாம் கையடக்கக் கருவிக்கும் அதே உபசாரம். பிற்பாடு நோக்கியா, மோட்டோரோலா மாடல்களும் பட்டியலில் சேர்ந்தன.

இதைத் தாராள மனசு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அன்றைக்கு ஆப்பிளிடம் விற்பதற்கு ஒரு போன்கூடக் கிடையாது. மேக் வைத்திருந்தவர்களோ உலகக் கணினிச் சந்தையில் ஒரு சின்னக் கூட்டம். ஊரார் போனுக்கெல்லாம் இடம் கொடுத்தால்தான் மேக் விற்கும்; ஊரார் கணினிக்கெல்லாம் போனால்தான் ஐபாட் விற்கும். 2011-ல் மேக்கின் லயன் இயங்குதளம் வந்தபோது ஐசிங்க் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது. அப்போது ஐபோனுக்கு வயது நான்கு.

போனும் கணினியும் வெவ்வேறு கம்பெனியாக இருக்கும்போது இரண்டையும் பேசவைப்பது எப்படி என்ற கேள்விக்கு முப்பது ஆண்டு வரலாறு உண்டு. அதில் தொழில்நுட்பத்தைவிட வியாபாரக் கணக்கே அதிகம்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. 1996-ல் வந்த பாம் பைலட் போன் அல்ல; முகவரியும் நாட்குறிப்பும் வைத்துக்கொள்ளும் சட்டைப்பைக் கருவி. அதனுடன் ஒரு தாங்கி வரும். தாங்கியிலிருந்து போகும் ஒயரைக் கணினியின் சீரியல் போர்ட்டில் மாட்டி, கருவியை அதில் உட்காரவைத்து, முன்னால் இருக்கும் ஒரே பொத்தானை அழுத்தினால் ஹாட்சிங்க் நடக்கும். இங்கே மாற்றியது அங்கே போகும், அங்கே மாற்றியது இங்கே வரும். கருவி தொலைந்தாலும் கணினியில் நகல் இருக்கும். பாம் கணினி செய்து விற்கும் கம்பெனி அல்ல. எவர் கணினியாக இருந்தாலும் ஒத்துப்போயே ஆகவேண்டிய நிலை அதற்கு. அந்த நிலைதான் அந்த ஒற்றைப் பொத்தானைச் செய்யவைத்தது.

போன்கள் பெருகியபோது நிலைமை மோசமாயிற்று. நோக்கியாவுக்குப் பாப்-போர்ட், சோனி எரிக்சனுக்கு ஃபாஸ்ட்போர்ட், சாம்சங்குக்கு இன்னொன்று என்று ஆளுக்கொரு துளை. ஆளுக்கொரு குறுந்தகடு, அதில் போனைக் கணினியோடு பேசவைக்கும் ஒரு ‘பிசி சூட்’. அந்த சூட்டுகள் பெரும்பாலும் விண்டோஸுக்குத்தான். லினக்ஸ்காரரை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2000-ல் எரிக்சன், ஐபிஎம், மோட்டோரோலா, நோக்கியா, பாம் உள்ளிட்டவை கூடி, எல்லாக் கருவிகளும் ஒரே முறையில் ஒத்திசைய சிங்க்எம்எல் என்ற பொது நெறியைக் கொண்டுவந்தன. போனுக்குள் அது இருந்தது. ஆனால் வாங்கியவர் மேசையில் கேபிள் குவியல் குறையவில்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி பிறந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கிய காலத்தில், போன் வாங்கிய பலர் வீட்டில் கணினியே இல்லை. சொந்தக் கணினியில்லாதவருக்கு எந்த சூட் எதற்கு? அவருக்காக முளைத்தது பாட்டு ஏத்துற கடை. பேருந்து நிலையத்துப் பக்கம் ரீசார்ஜ் கூப்பன் தொங்கும் பெட்டிக்கடை, உள்ளே ஒரு பழைய அசெம்பிள்டு கணினி, அதில் ஒரு கார்டு ரீடர். கடைக்காரர் போனின் முதுகைக் கழற்றுவார். சில மாடலில் பேட்டரியையும் எடுக்க வேண்டும். விரல்நகம் அளவு மெமரி கார்டை நகத்தாலேயே நெம்பி எடுத்து ரீடரில் வைப்பார். திரையில் ஃபோல்டர் ஃபோல்டராக இளையராஜா, ரஹ்மான், தேவா, அம்மன் பாட்டு, கானா. வாடிக்கையாளர் விரல் நீட்டியதை இழுத்துப் போட்டு, ஜி.பி. கணக்கில் காசு வாங்குவார். எல்லாம் திருட்டுப் பிரதிதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோக்கியாவோ சாம்சங்கோ மைக்ரோமேக்ஸோ பெயரில்லாத சைனா செட்டோ, எதைக் கொடுத்தாலும் அந்தக் கடையில் வேலை நடந்தது.

காரணம், கார்டு எந்தப் போன் கம்பெனிக்கும் சொந்தமில்லாத நடுநிலத்தில் இருந்தது. ஃபிளாப்பி காலத்திலிருந்து வரும் ஃபேட் என்ற எளிய கோப்பு முறையில் அது எழுதப்பட்டிருக்கும். அந்த முறையைப் படிக்கத் தெரியாத கணினியும் இல்லை, போனும் இல்லை. பெரிய கம்பெனிகள் மாநாடு கூட்டிச் செய்ய முடியாததை நகத்தளவு கார்டு செய்துவிட்டது. ஐபோனிலோ இன்றுவரை மெமரி கார்டு துளை வைக்கப்படவே இல்லை.

அந்த ஐபோனின் குடும்பத்தில்தான் இந்தக் கதையின் பெரிய சண்டை நடந்தது.

ஐபாட் விண்டோஸுக்கு வந்தபோது முதலில் மியூசிக்மேட்ச் என்ற வேற்று மென்பொருளை நம்பியிருந்தது. 2003 அக்டோபரில் ஆப்பிளின் சொந்தப் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸே விண்டோஸுக்கு வந்தது. அதன் பிறகுதான் ஐபாட் விற்பனை வானுக்கு ஏறியது. உலகத்தின் பாட்டெல்லாம் ஐடியூன்ஸ் நூலகங்களில் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் வேறு கம்பெனி போன் வைத்திருப்பவர் அந்தப் பாட்டை எப்படி எடுப்பார்? 2005-ல் மோட்டோரோலாவோடு சேர்ந்து ஆப்பிள் ரோக்கர் போனை விட்டது. கார்டில் எவ்வளவு இடம் மிச்சமிருந்தாலும் 100 பாட்டுக்கு மேல் ஏறாது. ஐபாட் விற்பனை கெடக்கூடாதே!

2009 ஜூனில் பாம் ப்ரீ வந்தது. அந்தப் போனை உருவாக்கிய குழுவை நடத்தியவர் ஜான் ரூபின்ஸ்டைன். அதற்கு முன் ஆப்பிளில் ஐபாட் பிரிவுக்கே தலைவராக இருந்தவர். ப்ரீயைக் கணினியில் செருகி ‘மீடியா சிங்க்’ என்று தொட்டால், ஐடியூன்ஸ் அதை ஓர் ஐபாட் என்று எண்ணி வாயைத் திறந்து பாட்டுகளை ஊட்டும்.

இந்த ஆள்மாறாட்டம் நடந்த விதம் இது. யுஎஸ்பி கருவி எதுவானாலும் செருகிய கணத்தில் கணினியிடம் தன் எண்களைச் சொல்ல வேண்டும். அதில் ஒன்று உற்பத்தியாளர் எண். யுஎஸ்பி-ஐஎஃப் என்ற அமைப்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாக அதை ஒதுக்குகிறது. ப்ரீ முதலில் அரைகுறையாகத்தான் வேஷம் போட்டது. சேமிப்பகம் என்ற அடுக்கில் ‘நான் ஐபாட்’ என்றது. அடிப்படை யுஎஸ்பி அடுக்கிலோ பாம் என்ற சொந்தப் பெயரையே சொன்னது. ஜூலை நடுவில் ஆப்பிள் ஐடியூன்ஸ் 8.2.1-ஐ வெளியிட்டு அந்தக் கதவைச் சாத்தியது. ஒரு வாரம் கழித்து பாம் தன் வெப்ஓஎஸ் 1.1-ஐ விட்டது. இந்த முறை ப்ரீ ஆப்பிளின் உற்பத்தியாளர் எண்ணையே தன் எண்ணாகச் சொன்னது.

அதோடு நிற்காமல், ஆப்பிள் இந்த எண்ணை வைத்து மற்றக் கருவிகளைத் தடுப்பது விதிமீறல் என்று யுஎஸ்பி-ஐஎஃபிடம் பாம் புகாரும் கொடுத்தது. செப்டம்பரில் வந்த பதில் பாமுக்கே பாதகம்: அடுத்தவர் எண்ணைப் பயன்படுத்துவதுதான் விதிமீறல். அதற்குள் ஐடியூன்ஸ் 9 மறுபடி தடுத்திருந்தது, பிறகு வெப்ஓஎஸ் 1.2.1 மறுபடி திறந்தது. அக்டோபர் கடைசியில் ஐடியூன்ஸ் 9.0.2 மறுபடி பூட்டியது. பாம் ஓய்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு எச்பி கம்பெனி 120 கோடி டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது.

இத்தனைக்கும் வேறு நேர்வழி இருந்தது. ஐடியூன்ஸ் தன் பாட்டுப் பட்டியலை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாகவும் எழுதிவைக்கும். எந்த மென்பொருளும் அதைப் படிக்கலாம். பிளாக்பெர்ரி அப்படித்தான் தனக்கொரு சிறு மென்பொருள் எழுதிக்கொண்டது. விதிப்படி பாம் செய்தது தவறு. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பாட்டைத் தன் போனில் ஏற்ற நினைத்தவருக்கு இந்த எண் தகராறில் என்ன பங்கு? அந்தக் கேள்வியை யுஎஸ்பி-ஐஎஃபிடம் யாரும் கேட்கவில்லை.

ஆண்ட்ராய்டு இந்தச் சண்டையைச் சுற்றிக்கொண்டு போனது. 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1-க்கு பிசி சூட் என்று எதுவும் தேவைப்படவில்லை. ஜிமெயில் கணக்கைப் போட்டால் எண்கள் தாமாக வந்து நிற்கும். (அந்த எண்களெல்லாம் கூகுள் கையில் இருப்பது பற்றி அப்போது யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.) கோப்பு வேண்டுமென்றால் கேபிளை மாட்டி, யுஎஸ்பி சேமிப்பகத்தை இயக்கினால் போதும், பென் டிரைவ் போல் திறக்கும். ஒரே தொல்லை, கணினி அந்தச் சேமிப்பகத்தை முழுதாகத் தன்வசம் எடுத்துக்கொள்ளும். கேபிளைக் கழற்றும்வரை போனால் தன் கார்டில் இருக்கும் படங்களைக்கூடக் காட்ட முடியாது.

அதனால் 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 தொட்டு எம்டிபி என்ற முறைக்கு மாறினார்கள். இதில் சேமிப்பகம் போனின் வசமே இருக்கும். கணினி கோப்பைக் கேட்டு வாங்கும். எம்டிபி மைக்ரோசாஃப்டில் பிறந்த முறை என்பதால் விண்டோஸில் சிக்கலில்லை. லினக்ஸில் தன்னார்வலர்கள் லிப்எம்டிபி எழுதிவைத்திருந்தார்கள். மேக்கில்? ஆப்பிள் இன்றுவரை அதைச் சேர்க்கவில்லை. கூகுளே ஆண்ட்ராய்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்றொரு மென்பொருளைக் கொடுத்தது. 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு அதில் போகாது. போகப்போக அதைக் கவனிப்பாரே இல்லை.

எதிர்ப்பக்கம், ஐபோனை விண்டோஸில் செருகுபவரின் பாடும் சுகமில்லை. கேமரா ஃபோல்டர் ஒன்றுதான் திறக்கும். 2017-க்குப் பிறகு படங்கள் ஹெச்இஐசி வடிவில் இருப்பதால், நகலெடுக்கும்போதே போன் அவற்றை ஜேபெக்காக மாற்றிக் கொடுக்கப் பார்க்கும். பாதி வழியில் கருவி இயங்கவில்லை என்று விண்டோஸ் கைவிரிக்கும். ஐபோனின் போட்டோஸ் செட்டிங்ஸில் அடியில் போய், மேக் அல்லது பிசிக்கு மாற்றும் இடத்தில், அசலை அப்படியே வைக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். கல்யாண ஆல்பத்தை நகலெடுக்க உட்கார்ந்து பாதி இரவு தொலைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மைக்ரோசாஃப்டின் பாதை ஆப்பிளின் பாதைக்கு நேர்த் தலைகீழ். 2014-ல் நோக்கியாவின் போன் வணிகத்தை வாங்கியது. வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்தப் பேரத்தில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஆலை நின்றது. 2017-க்குள் விண்டோஸ் போனும் முடிந்த கதையாயிற்று. சொந்தப் போன் செத்த மறு ஆண்டே, அதாவது 2018-ல், ஆண்ட்ராய்டு போனின் குறுஞ்செய்தியையும் படங்களையும் விண்டோஸ் திரையில் காட்டும் ‘யுவர் போன்’ வந்தது. 2022-ல் அதன் பெயர் போன் லிங்க் ஆனது. 2023-ல் ஐபோனுக்கும் குறைந்த வசதிகளோடு இடம் கிடைத்தது. 2002-ல் ஆப்பிள் நின்ற இடத்தில் இப்போது மைக்ரோசாஃப்ட் நின்றது.

ஆப்பிள் எங்கே நின்றது என்பதற்கு ஜாப்ஸின் எழுத்தே சாட்சி. 2010 அக்டோபரில் அவர் எழுதிய ஒரு மின்னஞ்சல், பின்னாளில் சாம்சங்குடனான வழக்கில் வெளியானது. தன் சாதனங்களையெல்லாம் ஒன்றோடொன்று பிணைத்து, வாடிக்கையாளரைத் தன் வளையத்துக்குள் இன்னும் இறுக்கமாகப் பூட்டுவது என்பது அதில் ஒரு திட்டக்குறிப்பு. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மேல் தொடுத்த ஏகபோக வழக்கின் சாரமும் இந்தப் பூட்டுதான்.

பூட்டைத் தளர்த்தியதில் சட்டத்துக்குப் பங்கு உண்டு. 2009-ல் ஐரோப்பிய ஆணையம் கம்பெனிகளை உட்காரவைத்து மைக்ரோ யுஎஸ்பிக்குச் சம்மதம் வாங்கியது. ஆப்பிள் ஓர் அடாப்டரைக் காட்டித் தப்பித்தது. 2022-ல் வேண்டுகோள் சட்டமாக மாறியது: 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம். கெடுவுக்கு முன்பே, 2023 செப்டம்பரில், ஐபோன் 15 அந்தத் துளையோடு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையிலும் அது தயாரானது. துளை மாறினாலும் சாதாரண ஐபோன் 15-க்குள் ஓடும் வேகம் 2000-ல் வந்த யுஎஸ்பி 2.0-வின் வேகமே. சட்டம் துளையைத்தான் கேட்டது.

கம்பியில்லாத வழியில் இந்தியர்கள் வெகுகாலம் ஷேர்இட், ஜெண்டர் செயலிகளை நம்பியிருந்தார்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளில் இரண்டும் அடக்கம். அந்த இடத்தில் கூகுளின் நியர்பை ஷேர் வந்து, 2024-ல் சாம்சங்கின் குயிக் ஷேருடன் ஒன்றானது. 2025 நவம்பரில் தன் பிக்சல் 10 போனிலிருந்து ஐபோனுக்கும் மேக்குக்கும் ஆப்பிளின் கோப்புப் பகிர்வு முறையான ஏர்டிராப் வழியே நேரடியாகக் கோப்பு அனுப்பும் வசதியை, ஆப்பிளின் கூட்டு இல்லாமல், கூகுள் தானே செய்து வெளியிட்டது.

இவற்றையெல்லாம் காத்திருந்து பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, போனையும் கணினியையும் இணைக்க, 2013-ல் ஒரு மாணவர் திட்டமாகத் தொடங்கிய கேடிஇ கனெக்ட் இருக்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும், காசு கிடையாது. ஐபோன் பதிப்பில் மட்டும் வசதி குறைவு. ஆப்பிள் அனுமதிக்கும் அளவுக்குத்தான் அங்கே வேலை நடக்கும். அடுத்த முறை போன் வாங்கக் கடைக்குப் போகும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், வீட்டில் இருக்கும் கணினியை எடுத்துப்போய் அதில் செருகிக் காட்டச் சொல்லுங்கள்.