பதினைந்து பவுண்டு காற்று

பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் பையன், ‘‘எவ்ளோ சார்?’’ என்று கேட்பான். பழக்கதோஷத்தில் நாமும் ஒரு நம்பர் சொல்வோம். நாலு டயருக்கும் அதே நம்பர்தான்.

1960-ல் அமெரிக்காவில் ஒரு காருக்கு அப்படிச் சொல்லியிருந்தால் ஆபத்து! முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26 பவுண்டு... இதுதான் கம்பெனி போட்ட கணக்கு. புத்தகத்தில் அச்சடித்தும் கொடுத்திருந்தார்கள். கார் வாங்கினவர்களில் எத்தனை பேர் அதைப் படிச்சிருப்பாங்க, சொல்லுங்கள்?

அந்தக் காரின் பெயர் ஷெவர்லே கார்வேர். தயாரித்தது ஜெனரல் மோட்டார்ஸ். முன்பக்கம் திறந்தால் டிக்கி, பின்பக்கம் இன்ஜின். ‘மோட்டார் டிரெண்ட்’ பத்திரிகை ‘1960-ன் சிறந்த கார்’ என்று மகுடம் சூட்டியது. முதல் வருடமே சுமார் இரண்டரை லட்சம் கார்கள்.

அப்புறம்தான் புகார்கள் கிளம்பின. வளைவில் திரும்பினால் வண்டியின் வால் தனியாக இழுத்துக்கொண்டு போகிறது, சில சமயம் கவிழ்ந்தேவிடுகிறது. 1965-க்குள் கம்பெனி மேல் நூற்றுக்கும் அதிகமான வழக்குகள்.

சங்கதி சஸ்பென்ஷனில் இருந்தது. பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு, கதவுக் கீல் மாதிரி உள்பக்கம் மட்டும் மடங்கும். வேகமாகத் திரும்பும்போது வண்டியின் பின்பாகம் தூக்கிக்கொள்ளும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடியும். டயர் முழுசாகத் தரையில் பதியாது. இன்ஜின் கனம் வேறு பின்னால். இதைச் சமாளிக்கத்தான் அந்தக் காற்றுக் கணக்கு. முன்பக்கம் ஒரு இரும்புக் கம்பி, அதாவது ஸ்டெபிலைசர் பார், போட்டிருந்தால் ஆட்டம் குறைந்திருக்கும். செலவு என்று விட்டுவிட்டார்கள். நான் படித்தது பி.காம். இன்ஜினீயரிங் புரியாவிட்டாலும் இந்த மாதிரிக் கணக்கு நன்றாகவே புரியும்! 1964 மாடலில் அந்தக் கம்பி வந்தது. 1965-ல் சஸ்பென்ஷனையே மாற்றினார்கள். பழைய கார்கள்? அவை பாட்டுக்கு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன.

1965 நவம்பரில் ரால்ஃப் நேடர் என்ற 31 வயது வக்கீல் ஒரு புத்தகம் போட்டார். ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’. முதல் அத்தியாயமே கார்வேர்தான்.

உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? நேடர் பின்னால் துப்பறியும் ஆட்களை அனுப்பியது. பொம்பளை விஷயம் உண்டா, அரசியல் என்ன என்று அவர் நண்பர்களிடம் துருவித் துருவி விசாரணை. விஷயம் அம்பலமானது. 1966 மார்ச் 22 அன்று செனட் கமிட்டி முன்னால் கம்பெனியின் தலைவர் ஜேம்ஸ் ரோச் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நேடர் போட்ட வழக்கு 1970-ல் 4,25,000 டாலர் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. அந்தப் பணம் நுகர்வோருக்கான வேலைகளுக்குப் போனது.

கதை இத்தோடு முடியவில்லை. 1972-ல் அமெரிக்க அரசு ஒரு அறிக்கை வெளியிட்டது. 1963 கார்வேரை ஃபோக்ஸ்வேகன், ஃபோர்ட் ஃபால்கன் போன்ற சமகாலக் கார்களோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘மற்ற கார்களைவிட இது ஒன்றும் மோசமில்லை’ என்று சொல்லிவிட்டது! அதற்கு மூன்று வருடம் முன்பே, 1969-ல், கார்வேர் தயாரிப்பு நின்றுபோயிருந்தது.

அப்போ நேடர் தோற்றாரா?

அப்படிச் சொல்ல முடியாது. அந்தச் சூட்டில்தான் 1966 செப்டம்பர் 9 அன்று ஜனாதிபதி ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பாதுகாப்பைப் பாதிக்கும் கோளாறு தெரிந்தால் கார் வாங்கினவருக்குத் தகவல் சொல்லியே ஆகவேண்டும் என்றது சட்டம். 1974-ல் வந்த திருத்தம், இலவசமாகச் சரிசெய்தும் தரணும் என்றது. புகார்களைப் படித்து விசாரிப்பதற்கென்றே ஒரு அரசு அமைப்பும் வந்துவிட்டது.

அதுவரை விபத்து என்றால், ‘உனக்கு ஓட்டத் தெரியலை’ என்பதுதான் பதில். அதற்குப் பிறகு, ‘வண்டியையும் பார்ப்போம்’ என்று ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. கார்வேர் குற்றவாளியோ இல்லையோ... புகார் சொன்னவர்களின் குரல் போய்ச் சேர ஒரு விலாசம் கிடைத்தது.