தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ஹெரால்டு



ஓடாத வண்டிகளை அப்புறப்படுத்தச் சொல்லி சங்கத்தின் சுற்றறிக்கை வந்ததும், அப்பாவின் காரை எடைக்குப் போடத் தயாரானேன். பழைய இரும்புக்காரர் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். "எந்த வருஷத்து மாடல் சார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அது வெறும் 'ஹெரால்டு' தான். பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

பார்க்கத் தொடங்கியபோதுதான், அது நம் ஊர்க் கார் என்பது தெரிந்தது. 1948-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் முதலில் வான்கார்டு கார்களைத் தந்தது. 1961-இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வெளியான டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான மைக்கேலாட்டி. 948 சிசி என்ஜின். பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும்.

அங்கே அது இரண்டு கதவுக் கார். நம் குடும்பங்களுக்கு அது போதுமா? 1960களின் இறுதியில் நான்கு கதவு ஹெரால்டு வந்தது, இந்தியாவில் மட்டும். 1971-இல் ஹெரால்டு நின்று, அடுத்த ஆண்டு கெஸல் வந்தது. ஆக, எங்கள் காரின் நான்கு கதவுகளே அதன் காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் அடக்கிவிட்டன.

உங்கள் வீட்டுக் கார் பியட்டா? பின்னால் 'பத்மினி' என்று இருந்தால் அது 1974-க்குப் பிந்தையது. அம்பாசிடர் என்றால் கிரில்லைப் பாருங்கள். சிறு சிறு கட்டங்களாக இருந்தால் மார்க் 2.

ஆனால் வெளித்தோற்றத்தை மட்டும் நம்பாதீர்கள். ஹெரால்டின் பாடி தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டியது. ஒரு வண்டியின் பாடியை இன்னொன்றின் மேல் உட்கார வைத்துவிடலாம். எனவே சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். மூன்றும் பொருந்தினால்தான் மதிப்பு. ஆர்.சி. தொலைந்த கார், எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்குபவருக்குத் தலைவலி. எங்கள் புத்தகம் பீரோவில், பழைய ரேஷன் கார்டுகளுக்கு நடுவே கிடைத்தது. எண்களும் பொருந்தின.

பளபளவென்று பெயிண்ட் அடித்து, வேறு என்ஜின் வைத்தால் விலை கூடும் என்று நினைக்காதீர்கள். சேகரிப்பவர்கள் தேடுவது பழைய மீட்டர், பழைய பேட்ஜ், பழைய என்ஜின். சட்டமும் அப்படித்தான். 2021-இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் உள்ள சொந்த வண்டிதான் 'விண்டேஜ்'. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ முடியாது. பெரியவர்கள் பெயரிலேயே வண்டி நின்றுவிட்டால், முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றுங்கள்.

சுற்றறிக்கையில் தவறில்லை, பார்க்கிங் எல்லோருக்கும் வேண்டும். எங்கள் ஹெரால்டு இப்போது மெக்கானிக் ஷெட்டில் இருக்கிறது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றே: எடைக்காரரைக் கூப்பிடும் முன், டார்ச்சும் ஆர்.சி.யும் எடுத்துக்கொண்டு ஒருமுறை கீழே இறங்கிப் பாருங்கள். நொறுக்கிய பிறகு அது எந்த மாடல் என்று தெரிந்து என்ன பயன்?