ஊசி பட்டால் பரவுமா?

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரிலிருந்து அத்தை போன் செய்தார். மழை, குழந்தைகள் படிப்பு எல்லாம் பேசி முடித்து, போனை வைக்கப் போகிற நேரத்தில் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். மார்பில் ஒரு கட்டி. ஊசி குத்தி சதை எடுத்துப் பார்க்கணும் என்று டாக்டர் சொல்லி ஆறு வாரம் ஆகிறதாம். இன்னும் போகவில்லை.

"பக்கத்து வீட்டம்மா வேண்டாங்கறாங்க தம்பி. ஊசி பட்டா சும்மா கிடக்கறதும் கிளம்பி உடம்பெல்லாம் பரவிடுமாம். அவங்க நாத்தனாருக்கு அப்படித்தான் ஆச்சாம்."

புனேயில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கும் நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு எனக்குப் புதிதும் இல்லை. எங்கள் மராத்தி வீட்டுக்காரர் வாயிலும் இதையே கேட்டிருக்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்து படித்ததில் ஒன்று தெரிந்தது. இந்தப் பயத்துக்கு நூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. அது பக்கத்து வீட்டம்மாக்கள் மட்டும் கிளப்பிவிட்டதல்ல. பெரிய பெரிய டாக்டர்களுக்கே இருந்த பயம்.

1920களின் நியூயார்க். அங்கே மெமோரியல் மருத்துவமனையில் ஜேம்ஸ் யூயிங் என்று ஒருவர். எலும்பில் வரும் ஒரு புற்றுநோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். கட்டியைக் கத்தியால் கீறிப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. கீறினால் நோய் பரவும் என்ற கவலை. ஆனால் அங்கே ரேடியம் வைத்து சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள். என்ன நோய் என்றே உறுதியாகத் தெரியாமல் எப்படி சிகிச்சை செய்வது?

அங்கிருந்த ஹேய்ஸ் மார்ட்டின் என்ற சர்ஜனும், எட்வர்ட் எல்லிஸ் என்ற லேப் டெக்னீஷியனும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 18 கேஜ் ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சிரிஞ்சால் உறிஞ்சி, வந்ததைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. 1930ல் அதை எழுதி வெளியிட்டார்கள். (சர்ஜன் பெயரோடு டெக்னீஷியன் பெயரும் அச்சில் வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். நம் ஆபீஸ்களில் நடக்குமா?) 1933ல் அதே மருத்துவமனையின் ஃப்ரெட் ஸ்டூவர்ட் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆக, பரவிவிடுமோ என்று பயந்த இடத்திலிருந்துதான் இந்த ஊசியே வந்தது!

ஆனாலும் அமெரிக்காவில் இது அப்போது பெரிதாகப் பிடிக்கவில்லை. முழுத் துண்டு சதை பார்த்துப் பழகியவர்களுக்கு நாலு செல்லை வைத்து முடிவு சொல்ல மனம் வரவில்லை. பரவும் என்ற பயமும் போகவில்லை. ஐம்பது, அறுபதுகளில் ஸ்வீடனின் கரோலின்ஸ்காவில் ஃப்ரான்சென், ஸாஜிசெக் போன்றவர்கள்தான் இன்னும் மெல்லிய ஊசியோடு இதை மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். 22 கேஜ் என்பது சுமார் 0.7 மில்லிமீட்டர். ரத்தம் எடுக்கிற ஊசி பருமன்தான். செலவும் குறைவு, அறுவை அரங்கு வேண்டாம் என்பதால் நம் நாட்டு மருத்துவமனைகளுக்கும் இது நன்றாகப் பொருந்திப் போனது.

சரி, பரவுமா பரவாதா?

1962ல் பெர்க், ராபின்ஸ் என்ற இருவர் பழைய மார்பகப் புற்றுநோயாளிகளின் ரெகார்டுகளைத் தோண்டினார்கள். ஊசி போட்டவர்கள் ஒரு பக்கம், போடாதவர்கள் ஒரு பக்கம். பல வருஷம் கழித்துப் பார்த்தாலும் உயிர் பிழைத்திருப்பதில் வித்தியாசம் இல்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1999ல் வந்த ஒரு ஆராய்ச்சி. அவர்கள் பயத்தை நேருக்கு நேர் பார்த்தார்கள். ஊசி போன வழியில் செல்கள் இடம் மாறுகின்றனவா? மாறுகின்றன! 352 பேரில் 32 சதவீதம் பேரிடம் அப்படிச் செல்கள் இருந்தன. ஆனால் ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே நாள் கூடக் கூட அது குறைந்துகொண்டே போனது. அதாவது, இடம் மாறிய செல்களில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை என்றுதான் தோன்றுகிறது. இடம் மாறுவது வேறு, அங்கே வேர் பிடிப்பது வேறு.

பூசி மெழுக வேண்டாம், ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. வயிற்றுப் பகுதியில் மெல்லிய ஊசி போட்டவர்களைப் பற்றி 1991ல் வந்த கணக்கு, ஊசி வழியில் நோய் முளைத்தது லட்சத்துக்கு 3 முதல் 9 பேருக்கு என்கிறது. கல்லீரல் புற்றுநோயில் இது அதிகம். 2008ல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்தபோது 2.7 சதவீதம். அதனால் அங்கே ஸ்கேனிலேயே தெளிவாகத் தெரிந்தால் பல சமயம் ஊசியே போடுவதில்லை. விரைக் கட்டிக்கு விதைப்பை வழியே ஊசி குத்துவதைத் தவிர்க்கிறார்கள். எலும்புக் கட்டி என்றால், பின்னால் ஆபரேஷன் செய்யப்போகிற சர்ஜனைக் கேட்டுத்தான் ஊசி போகும் வழியை முடிவு செய்ய வேண்டும். எங்கே கூடாது என்று மருத்துவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதால்தான், மற்ற இடங்களில் செய்யலாம் என்று அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

அப்படியானால் அந்த நாத்தனார்? அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் நம் ஊரில் பலர் கட்டி பெரிதான பிறகுதான் டாக்டரிடம் போகிறார்கள். அதற்குள் பரவியிருக்கும். ஊசி போட்ட பிறகுதான் அது வெளியே தெரியும். பழி ஊசி மேல்.

திங்கட்கிழமை அத்தைக்குப் போன் போட்டேன். நியூயார்க், ஸ்வீடன் எதுவும் சொல்லவில்லை. "ஊசி எவ்வளவு பெரிசுப்பா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். மறைக்கவில்லை. அவருக்குச் சொல்லியிருப்பது கோர் பயாப்ஸி. அந்த ஊசி கொஞ்சம் பருமன், இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். மரத்துப்போக மருந்து போடுவார்கள். சின்னச் சின்னச் சதைத் துண்டு கிடைப்பதால் எந்த மருந்து கேட்கும் என்பது வரை பார்க்கலாம். ரத்தம் கட்டி இரண்டு நாள் வலிக்கலாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, வேண்டாம். புதன்கிழமை போறேன்" என்றார்.

போய்விட்டு வந்துவிட்டார். ரிப்போர்ட் அடுத்த வாரம்.