பிரதிநிதியும் உறுதிமொழியும்: வரி விசாரணையில் தொழில்முறை உதவியின் வரலாறு – சோமனூர் விசைத்தறி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வரி அதிகாரியின் கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர் வரி செலுத்துபவரே. ஆயினும் அவர் சார்பில் பேசத் தேர்ந்த ஒருவரை அமர்த்திக்கொள்ளும் உரிமையை இந்திய வரிச் சட்டங்கள் நெடுங்காலமாக ஏற்று வந்துள்ளன. அவ்வுரிமைக்கு ஓர் எல்லையும் உண்டு. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் முதல் 2017ஆம் ஆண்டு சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் வரை அவ்வெல்லை மாறாது தொடர்வதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. கூலிக்கு நெசவு செய்யும் சோமனூர்த் தறி உடைமையாளருக்கு அவ்வுரிமை எவ்வளவு பயன்படுகிறது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சோமனூர், விசைத்தறி, கூலி நெசவு, வரி விசாரணை, அதிகாரம் பெற்ற பிரதிநிதி, சட்ட உதவி.

முன்னுரை

கோயம்புத்தூர் மாவட்டத்தின் சோமனூரும் அதனை அடுத்த கருமத்தம்பட்டி, பல்லடம், அவிநாசிப் பகுதிகளும் விசைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்றவை. இவ்வட்டாரத்தில் தறி வைத்திருப்போரில் பெரும்பாலோர் சொந்தமாகத் துணி உற்பத்தி செய்து விற்பவர் அல்லர். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் தருவார். தறிக்காரர் அவற்றைக் காடா துணியாக நெய்து திருப்பிக் கொடுத்துக் கூலி பெறுவார். கூலி உயர்வு ஒப்பந்தத்திற்காக இங்கு நடந்த வேலைநிறுத்தங்கள் பலரும் அறிந்தவை. 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் அவற்றுள் ஒன்று.

இவ்வுற்பத்தி முறையில் தறிக்கூடத்தில் உள்ள நூல் தறிக்காரருடையதன்று. நெய்து முடித்த துணியும் அவருடையதன்று. தறியும் உழைப்பும் மட்டுமே அவருக்கு உரியவை. ஆதலால் 'இந்த நூல் யாருடையது, இந்தத் துணிக்கு வரி யார் கட்டுவது' என்று அதிகாரி கேட்கும்போது, அக்கேள்விக்கு உரிய முழு ஆவணமும் தறிக்காரர் கையில் இருப்பதில்லை. கூலி உயர்வு பற்றிய எழுத்துகள் பல உள; வரி விசாரணையில் தறிக்காரர் நிற்கும் நிலை பற்றிய எழுத்துகள் மிகக் குறைவு. அக்குறையைச் சிறிதளவேனும் நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரதிநிதித்துவ உரிமையின் தோற்றம்

1922ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, வரி செலுத்துபவர் தம் சார்பில் ஒருவரை அனுப்ப இடமளித்தது. பின்வந்த திருத்தங்கள் அவர் யாராக இருக்கலாம் என்பதை வகுத்துரைத்தன. உறவினர், ஊழியர், வழக்குரைஞர், கணக்காளர், வருமான வரி நடைமுறையாளர் ஆகியோர் அவ்வரிசையில் இடம்பெற்றனர். 1941இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியதும் கணக்கும் சட்டமும் ஒருங்கே அறிந்தோரின் தேவை பெருகியது. 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டம் அத்தொழிலுக்குத் தனி ஒழுங்கமைப்பைத் தந்தது. மக்கள் வழக்கில் 'ஆடிட்டர்' எனப்படுபவர் இவரே.

சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1939ஆம் ஆண்டுப் பொது விற்பனை வரிச் சட்டம் வரித்துறையைச் சிறு வணிகரின் கடைவாசலுக்குக் கொண்டுவந்தது. வருமான வரி வருவாய் மிகுந்தோரை மட்டுமே தொட்டது. விற்பனை வரியோ விற்றுமுதலை அளந்தது. அதுவரை குடும்பத்துக்குள்ளும் கணக்குப்பிள்ளையிடமும் இருந்த நாள்வழியும் பேரேடும் அரசின் பார்வைக்குரிய ஆவணங்களாயின. கணக்குப்பிள்ளைக்கு அப்பால் வரி ஆலோசகர் என்னும் தனித் தொழிலர் தேவைப்பட்டமைக்கு இம்மாற்றம் ஒரு முதன்மைக் காரணம் எனலாம்.

கோவையும் விசாரணை ஆணையமும்

இரண்டாம் உலகப் போர்க்கால இலாபத்தை மறைத்தோரைக் கண்டறிய 1947இல் தனிச் சட்டத்தின் வழி வருமான வரி விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. கூட்டரசு நீதிமன்ற நீதிபதியாக இருந்த சீனிவாச வரதாச்சாரியார் அதன் தலைவரானார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரும் கோயம்புத்தூரைச் சேர்ந்தவருமான ஆர். கே. சண்முகம் செட்டியார், ஆணையத்துக்குரிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டமை குறித்து எழுந்த சர்ச்சையையொட்டி 1948இல் பதவி விலகினார். வரி விசாரணை அந்நாளில் எத்துணைப் பெரிய அரசியல் பொருளாக இருந்தது என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

ஆணையத்தின் நடைமுறை, இயல்பான வருமான வரி நடைமுறையினும் கடுமையானது. மேல்முறையீட்டு வாய்ப்பும் குறுகியது. ஒரே நிலையில் உள்ளோரை இருவேறு நடைமுறைகளுக்கு உட்படுத்துவது சமத்துவத்துக்கு முரண் எனச் சுரஜ்மல் மோத்தா வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையிலிருந்து சென்ற எம். சி. டி. முத்தையா வழக்கிலும் 1955இல் அதே சட்டத்தின் மற்றொரு பகுதி செல்லாதெனப்பட்டது. தாகேசுவரி பருத்தி ஆலை வழக்கில் 1954இல் வந்த தீர்ப்பு, வரி செலுத்துபவருக்குக் காட்டாத தகவலைக் கொண்டும் வெறும் ஊகத்தைக் கொண்டும் வரி விதிக்கலாகாது என்றது.

இவ்வழக்குகளைத் தொடுத்தோர் பெருஞ்செல்வரும் பெரிய ஆலைகளுமே. ஆயினும் அவர்கள் பெற்றுத் தந்த நெறி சிறு தறிக்காரருக்கும் உரியது. அந்நெறியை எடுத்துச்சொல்ல ஒருவர் அவர் அருகில் இருக்கிறாரா என்பதே வேறுபாடு.

விசைத்தறியும் வரியும்

1957ஆம் ஆண்டுக் கூடுதல் உற்பத்தித் தீர்வைச் சட்டத்தால் துணி மீது மாநிலங்கள் விற்பனை வரி விதிப்பதைக் கைவிட்டன. அதற்கு ஈடாக நடுவண் அரசு தீர்வை வசூலித்துப் பகிர்ந்தளித்தது. தீர்வைச் சலுகைகள் தறிகளின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டிருந்தன. நான்கு தறிகள் வரை வைத்திருந்தோர்க்குக் கிட்டிய விலக்கு, ஒரே கூடத்தின் தறிகள் குடும்பத்தார் பல பெயர்களில் பிரிந்து நிற்க ஊக்கமாயிற்று. ஒரு கூடம், பல பெயர்கள் என்னும் இவ்வழக்கம் விசாரணைக் காலத்தில் முதலில் எழும் கேள்விக்கு வித்திட்டது.

2003ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் விசைத்தறித் துணியையும் உற்பத்தித் தீர்வைச் சங்கிலிக்குள் கொண்டுவந்தது. நாடெங்கும் விசைத்தறி மையங்களில் எதிர்ப்பு எழுந்தது. அக்காலத்து விதி 12ஆ, கூலிக்கு நெய்விப்பவரே பதிவு பெற்றுக் கணக்கு வைத்துத் தீர்வை செலுத்த வேண்டும் என்றது; பொறுப்பு நெய்பவரிடமிருந்து நெய்விப்பவருக்கு நகர்ந்தது. 2004 சூலையில் இக்கட்டாய முறை பருத்தித் துணிக்குக் கைவிடப்பட்டு, விருப்ப முறை வந்தது.

2017 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி, துணியையும் ஜவுளிக் கூலி வேலையையும் 5 விழுக்காட்டு வரிக்குள் கொண்டுவந்தது. கூலி வேலை சேவை எனக் கருதப்படுவதால் ஆண்டு விற்றுமுதல் 20 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டோர் பொதுவாகப் பதிவு பெற வேண்டியதில்லை. இங்கும் 143ஆம் பிரிவு ஒரு காப்பை வைத்துள்ளது. கூலி வேலைக்கு அனுப்பிய பொருளுக்குக் கணக்கு வைக்கும் பொறுப்பு அனுப்பியவரையே சாரும். தறிக்கூடத்தில் கண்ட நூலுக்குத் தறிக்காரர் விலைப்பட்டியல் காட்ட இயலாமை குற்றமாகாது. அது யாரிடமிருந்து, எந்த அனுப்புச்சீட்டின் வழி வந்தது என்பதைக் காட்டினால் கேள்வி உரியவரிடம் செல்லும். இதனை அறிந்தவர் உடனிருந்தால் விடை ஒரு தாளில் முடியும். அறியாதவர் அளிக்கும் அச்சம் கலந்த விடையோ பிறர் பொறுப்பைத் தம் தலைமேல் ஏற்றிக்கொள்வதாய் முடியக்கூடும்.

எல்லைக்கோடு: ஆவணமும் உறுதிமொழியும்

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 116ஆம் பிரிவு, உறவினர், முறையான ஊழியர், வழக்குரைஞர், பட்டயக் கணக்காளர், வரி நடைமுறையாளர் உள்ளிட்டோர் பிரதிநிதியாகத் தோன்ற இடமளிக்கிறது. ஆனால் உறுதிமொழியின் பேரில் நேரில் விசாரிக்கப்பட வேண்டிய இடத்தில் அவ்வுரிமை இல்லை. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61ஆம் பிரிவும், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288ஆம் பிரிவும் இதே விலக்கைக் கொண்டிருந்தன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நிலவும் இவ்வெல்லைக்கோடு, ஆவணத்தையும் வாதத்தையும் பிறர் வழி முன்வைக்கலாம், உண்மையைத் தாமே கூற வேண்டும் என்பதாகும்.

சுங்க, அந்நியச் செலாவணிச் சட்டங்களின் கீழ் அழைக்கப்பட்டோர் தொடுத்த பூல்பாண்டி வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம், விசாரணையின்போது வழக்குரைஞரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை என்றது. பின்னர்ச் சில வழக்குகளில், கண்ணுக்குத் தெரியும் தொலைவில், பேச்சு செவிக்கு எட்டாத இடத்தில் வழக்குரைஞர் இருக்க அந்நீதிமன்றம் இசைந்தது. எனவே அழைப்பாணை வந்தபின் தொழில்முறை உதவியின் இடம் விசாரணை அறைக்கு முந்திய நாள்களிலேயே உள்ளது. ஆவணங்களை நாள்வாரியாக அடுக்குதல், அழைப்பு எச்சட்டத்தின் எப்பிரிவில் வந்தது எனத் தெளிதல், அறியாததை அறியேன் எனக் கூறலாம் என்பதை உணர்தல் ஆகியவை அந்நாள்களுக்குரிய பணிகள்.

காலக்கெடுவும் கணினித் தளமும்

அறிவிப்பாணை இன்று அஞ்சற்காரர் கையில் வருவதைவிடக் கணினித் தளத்தில் பதிவேற்றப்படுவதே மிகுதி. கணக்கறிக்கை ஆய்வில் முரண்பாடு காணப்பட்டால் விளக்கம் அளிக்க 30 நாள்கள் வரை வழங்கப்படுகின்றன. இறுதி ஆணைக்கு எதிரான முதல் மேல்முறையீட்டுக்கு 3 மாதம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 1 மாதம். தளத்தைத் திறந்து பாராதவருக்கு இக்காலம் அவர் அறியாமலே கழிந்துவிடும். அறிவிப்பு தளத்தில் மட்டும் இடப்பட்டதால் தாம் அறியவில்லை என வந்தோரின் மனுக்களை ஏற்று, வரியில் 10 விழுக்காடு போன்ற ஒரு பகுதியைச் செலுத்தும் நிபந்தனையுடன் மறுவிசாரணைக்கு வாய்ப்பளிக்கும் ஆணைகள் பலவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் அண்மை ஆண்டுகளில் பிறப்பித்துள்ளது. எனினும் உயர் நீதிமன்றம் வரை செல்ல ஆகும் செலவு, தொடக்கத்திலேயே ஓர் ஆலோசகரிடம் விளக்கம் எழுதி வாங்க ஆகும் செலவினும் பன்மடங்கு. எதிரான முடிவு எடுக்கப்படவுள்ள நிலையில் நேர்முக விசாரணை வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என 75ஆம் பிரிவு கூறுவதும் பலர் அறியாதது.

சட்ட உதவி என்னும் பயன்படாத வாயில்

1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், சட்டப்பணி என்பதில் நீதிமன்றத்தோடு தீர்ப்பாயம், பிற அதிகார அமைப்பு ஆகியவற்றின் முன் நடக்கும் நடவடிக்கைகளையும் சட்ட ஆலோசனையையும் உட்படுத்துகிறது. அதன் 12ஆம் பிரிவின்படி பெண்கள் வருமான வரம்பின்றி இவ்வுதவிக்குத் தகுதி பெறுகின்றனர்; வழக்கில் முதல்நோக்கில் நியாயம் இருத்தல் மட்டுமே வேண்டும். தறியும் மின் இணைப்பும் மனைவி அல்லது தாயின் பெயரில் இருக்கும் குடும்பங்களில் அறிவிப்பாணையும் அப்பெயரிலேயே வரும். கணக்கு எதையும் தாம் எழுதாத அப்பெண்ணே உறுதிமொழியின் பேரில் விடை கூற வேண்டியவர் ஆகிறார். அவருக்கு இவ்வாயில் திறந்தே உள்ளது. வரி விசாரணையோடு இணைத்து இவ்வுரிமை பேசப்படாமை கவனத்திற்குரியது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

1. வரி விசாரணையில் தொழில்முறை உதவி பெறுவது சலுகையன்று; 1922 முதல் தொடரும் சட்ட உரிமை.

2. அவ்வுரிமை உறுதிமொழி விசாரணையின் வாசலில் நின்றுவிடுகிறது. ஆகவே உதவியின் பயன் அதற்கு முந்தைய ஆயத்தத்திலேயே மிகுதி.

3. நூலும் துணியும் பிறருடையவை என்பதால், கூலி நெசவாளருக்கு அனுப்புச்சீட்டும் கூலிச் சீட்டுமே முதன்மையான காப்பு.

4. பெண்கள் பெயரில் உள்ள தறிகளுக்குச் சட்ட உதவி பெறும் வாய்ப்பு சட்டத்திலேயே உள்ளது.

கூலிக்காக ஒன்றுகூடிப் பேசும் மரபு சோமனூருக்கு உண்டு. அறிவிப்பாணையைத் தமிழில் விளக்கி, காலக்கெடுவைக் குறித்துத் தந்து, தகுந்த பிரதிநிதியிடம் ஆற்றுப்படுத்தும் பணியையும் தறி உடைமையாளர் சங்கங்கள் மேற்கொள்ளுமாயின், பெருஞ்செல்வர் நீதிமன்றங்களில் பெற்றுத் தந்த நெறிகள் பத்துத் தறி வைத்திருப்பவரின் கூடத்தையும் வந்தடையும்.