முத்து உருவாதல்

மணல் துகளைச் சுற்றியே சிப்பி முத்தை வளர்க்கிறது என்ற பரவலான விளக்கம் பொருந்தாது. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் சிப்பிகள் எந்நேரமும் மணலருகேதான் வாழ்கின்றன. உட்புகும் துகளைப் பெரும்பாலும் வெளியேற்றியும் விடுகின்றன. ஓட்டைச் சுரக்கும் மென்தோலின் செல்கள், ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ இடம்பெயர்ந்து உடலுக்குள் சிக்கும்போதுதான் முத்துப்பை உருவாகிறது. அந்தப் பை அரகோனைட் என்ற கனிமத்தின் தகடுகளையும் அவற்றைப் பிணைக்கும் புரதத்தையும் படலம் படலமாகச் சுரக்கிறது. ஒளியின் அலைநீளத்தை நெருங்கும் அளவுக்கு அத்தகடுகள் மெலிந்திருப்பதே முத்தின் அற்புதமான வண்ண ஒளிர்வுக்குக் காரணம்.

வளர்ப்பு முத்துக்கு உருண்டை மணி வைக்கிறார்களே என்று கேட்கலாம். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973இல் வெற்றி கண்ட முறையிலும், மணியோடு மென்தோல் துண்டும் வைக்கப்படுகிறது. மணி வடிவத்தைத் தருகிறது, சுரப்பது திசுவே. சீனாவின் நன்னீர் மட்டிகளில் பெரும்பாலும் மணியே இல்லாமல், திசுத் துண்டு மட்டுமே முத்தை விளைவிக்கிறது.