நாவற்குழிப் பாலத்தின் இரு கரைகள்

போர்க்கால வரலாற்றை எழுதுவோர் படை நடவடிக்கைகளின் பெயர்களையும், வீழ்ந்த முகாம்களையும், இறந்தோரின் தொகையையும் தவறாமல் பதிவு செய்கின்றனர். முற்றுகைக்குள் அகப்பட்ட மக்கள் நாளாந்தம் எவ்வாறு உயிர் வாழ்ந்தனர் என்பது அப்பதிவுகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் 1990 முதல் 1995 வரையான காலம் அவ்வாறு விடுபட்டுப் போன ஒரு பக்கமாகும்.

1990 யூன் மாதத்தில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டது. யாழ்தேவி நின்றது. மின்சாரம் நின்றது. ஆனையிறவுப் பாதை அடைபட்டது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எனப் பொருளாதாரத் தடைப் பட்டியல் நீண்டது. வெளியே செல்வதாயின் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடக்க வேண்டும். 1993 ஜனவரியில் அந்நீரேரியிலேயே பயணிகள் கொல்லப்பட்டனர். நாட்டின் ஒரு பகுதி, அந்நாட்டிலிருந்தே துண்டிக்கப்பட்ட தீவாயிற்று.

அந்த இருட்டில் மக்களுக்குக் கைகொடுத்தது அரசுமன்று, இயக்கமுமன்று. வேலிக்கு அப்பால் இருந்த அயல்வீடுதான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கைச் சுற்றிப் பல வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்து பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளை நிமிர்த்தி வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி பாட, ஒழுங்கையே கூடிநின்று தமிழோசைச் செய்தியைக் கேட்டது. மின்மோட்டார் நின்றுவிட்ட கிணறுகளில் துலாவும் கப்பியும் மீண்டும் வேலை செய்தன. பதுங்குகுழியைத் தனித்து வெட்ட எவராலும் இயலாது. பனங்குற்றி ஒரு வீட்டாருடையது, மண்மூட்டை இன்னொரு வீட்டாருடையது, உழைப்பு எல்லோருடையது. விமான இரைச்சல் கேட்டதும் அதற்குள் இறங்குவோரிடம் எவரும் உறவு விசாரிப்பதில்லை.

பத்திரிகைகளும் இவ்வாறே பிழைத்தன. அச்சுத்தாள் வராத நாட்களில் அப்பியாசக் கொப்பித் தாளில் கூட அவை அச்சாகின. வாசிகசாலையில் ஒருவர் உரத்து வாசிக்க, சுற்றியிருந்தோர் கேட்டனர். ஒரு பிரதி எத்தனை வீடுகளுக்குப் போயிற்று என்பதை எந்த விற்பனைக் கணக்கும் சொல்லாது.

இந்தக் கொடுக்கல் வாங்கலின் உச்சம் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி நிகழ்ந்தது. 'ரிவிரச' படை நடவடிக்கை நெருங்கிவர, வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறுமாறு ஒலிபெருக்கிகள் அறிவித்தன. கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தையும் கோப்பாய் - கைதடிப் பாதையையும் நோக்கி நான்கு இலட்சத்திற்கும் அதிகமானோர் நகர்ந்தனர். சில மைல்களைக் கடக்க ஓர் இரவு முழுவதும் ஆயிற்று. தென்மராட்சி அவர்களை ஏற்றது. சாவகச்சேரியிலும் மீசாலையிலும் கொடிகாமத்திலும் ஒரு குடும்பம் வாழ்ந்த வீடுகளில் ஐந்தாறு குடும்பங்கள் தங்கின. விறாந்தை, மாட்டுக்கொட்டில், தென்னந்தோப்பு யாவும் இருப்பிடங்களாயின. தண்ணீரை விலைபேசியவர்களும், எந்தச் சாதிக்குக் கிணற்றைத் திறப்பது என்று கணக்குப் பார்த்தவர்களும் அங்கு இல்லாமலில்லை. ஆயினும் அவ்வளவு பெரிய சனத்திரள் பட்டினியால் மடியாமல் தப்பியதற்கு முதற்காரணம், படலையைத் திறந்துவிட்ட சாதாரண குடும்பங்களே.

காலம் அக்கடனைத் திருப்பிக் கேட்டது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தபின் போர் தென்மராட்சிக்குள் புகுந்தது. சாவகச்சேரி நகரம் சிதைந்தது. ஐந்து வருடங்களுக்கு முன் ஊரைத் தாங்கியவர்கள், இம்முறை வடமராட்சிக்கும் வலிகாமத்திற்கும் அகதிகளாக வந்தனர். அன்று விறாந்தையில் படுத்தவர்கள் இன்று தம் விறாந்தையைக் கொடுத்தனர். விருந்தினரும் வீட்டுக்காரரும் இடம்மாறிய இந்த நிகழ்வைப் பாடநூல் எதுவும் சொல்வதில்லை.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இது இனியதொரு கதை. ஆனால் வரலாறு இனிமைக்காக எழுதப்படுவதன்று.

வலிகாமம் வெறுமையான அந்த ஒக்ரோபர் 30இற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்திற்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் உத்தரவிடப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அம்மாதத்தில் விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். சோனக தெருவின் தையற்காரரும் இரும்புக்கடைக்காரரும் தலைமுறைகளாக நமது அயலவர்கள். அவர்களுக்காகக் கண்ணீர் விட்ட தமிழர்கள் இருந்தனர். துப்பாக்கிக்கு முன்னால் அக்கண்ணீருக்கு வலு இருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அச்சம் அகன்ற பின்னரும் நெடுங்காலம் நாம் அதைப் பற்றி உரத்துப் பேசவில்லையே, அதற்கு எந்தத் துப்பாக்கியைக் காரணம் சொல்வது?

அவர்களைப் புத்தளம் ஏற்றது. அங்கும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் திறந்தன. அங்கும் ஏழைகளே ஏழைகளுக்குச் சோறு போட்டனர். 2009இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணம் திரும்பினர். பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டனர்.

அயலவர் என்ற சொல்லின் எல்லையை நெருக்கடிதான் அளந்து காட்டுகிறது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சம் வேலியைத் தாண்டிச் சென்றது என்று நாம் பெருமைப்படுவதில் தவறில்லை. அது எந்த வேலியைத் தாண்டவில்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்லும்போது, இரண்டு ஒக்ரோபர் முப்பதுகளையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்வது நினைவுகூரலாகாது.