பாண்டியர் வாங்கிய குதிரைகளும் பீகானீரில் பிறந்த குட்டியும்



பல்லடம் வட்டாரத்தில் முட்டை என்றால் கோழி முட்டைதான் நினைவுக்கு வரும். பொரிப்பகத்தில் 21 நாள் இளஞ்சூட்டில் வைத்தால் குஞ்சு வெளிவரும் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். குதிரையின் கருமுட்டையையும் உடலிலிருந்து வெளியே எடுத்து, ஏறத்தாழ அதே சூட்டில் சோதனைக்கூடத்தில் முதிரச் செய்து, கருவாக்கி, வேறொரு பெண்குதிரையின் வயிற்றில் வளர்க்கும் கலை இன்று உலகில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தமிழகத்தின் குதிரை வரலாற்றை அறிந்தோர்க்கு இச்செய்தி ஒரு பழைய நட்டத்தை நினைவூட்டும்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அவ்வணிகத்தில் முன்னின்றவர் கீஷ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரிடம் அமைச்சராகவே இருந்தார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒவ்வொன்றும் 220 பொன் தீனார் என்பது உடன்படிக்கை என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 3,08,000 தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை தர வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை.

அதே காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார். இங்குள்ள அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட எஞ்சுவதில்லை எனவும் அவர் கூறுகிறார். தீவனம் ஒவ்வாது, நோய் பார்ப்போரும் லாடம் கட்டுவோரும் இல்லை. நல்ல சாதிக் குதிரைகளை இணைசேர்த்தாலும் கோணல் காலோடு குட்டிகள் பிறந்தன என்கிறார். விற்பனை குறைந்துவிடும் என்று அஞ்சி, வணிகர்களே லாடம் கட்டுவோரை இந்நாட்டிற்கு வரவிடாமல் தடுத்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

ஒரு பயணியின் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும் அவ்வணிகர்களுள் பலர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால், இக்குறிப்பை நாம் எளிதில் கடந்துவிடக் கூடாது. குதிரைகளின் நெற்றி முடியில் கியாமத் நாள் வரை நன்மை பிணைக்கப்பட்டிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். பொருளை விற்றுவிட்டு, அதைப் பேணும் அறிவை மறைத்துக்கொள்வது அமானிதத்திற்கு உகந்த செயலாகுமா? பொன்னும் கரைந்தது, வாயில்லா ஜீவன்களும் மாண்டன.

கொங்கு நாட்டிலும் குதிரையின் சுவடுகள் உண்டு. நம்மில் பலர் தாங்கும் இராவுத்தர் என்னும் பெயரே குதிரை வீரரைக் குறிப்பது. ஆடி மாதத்தில் அந்தியூரில் கூடும் சந்தைக்கு இன்றும் மார்வாரி, கத்தியவாடிக் குதிரைகள் வருகின்றன. ஆனால் நாட்டளவில் குதிரை குறைந்துகொண்டே போகிறது. 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரைகளும் மட்டக்குதிரைகளுமாக ஏறத்தாழ 6.25 லட்சம் இருந்தன, 2019-இல் 3.4 லட்சமே எஞ்சின. நல்ல இனங்களைக் காக்கும் கல்வி இன்று தேவைப்படுவது இதனால்தான்.

செயற்கைக் கருவூட்டலை 1322-ஆம் ஆண்டிலேயே ஓர் அரபுத் தலைவர் குதிரையில் செய்து காட்டினார் என்று ஒரு கதை நம்மவரிடையே பரவியுள்ளது. அது கேட்கச் சுவையானது. ஆயினும் அக்கால ஆவணச் சான்று அதற்கு இல்லை. ஆதாரமற்ற பெருமை நமக்கு வேண்டியதில்லை. 1780 அளவில் இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி நாயிடத்தில் இதைச் செய்ததும், 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் ரஷ்யாவில் இவானோவ் குதிரைகளில் பெருமளவில் தொடங்கியதும் பதிவான வரலாறு.

கருமுட்டையை வெளியே முதிரச் செய்வது அதைவிடக் கடினமானது. பெண்குதிரை சுமார் 21 நாளைக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையை முதிர்விக்கும். மாட்டிற்குப் போல் மருந்து கொடுத்துப் பல முட்டைகளை ஒருங்கே பெறுவதும் எளிதன்று. ஆகவே மருத்துவர்கள் ஸ்கேன் கருவியின் துணையோடு மெல்லிய ஊசியைச் செலுத்தி, சூலகத்தின் சிறு பைகளில் உள்ள முதிராத முட்டைகளை எடுக்கிறார்கள். மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உள்ள அம்முட்டை, பையின் சுவரை இறுகப் பற்றியிருக்கும். பலமுறை திரவத்தால் அலசியே அதைப் பிரிக்க வேண்டும். பிறகு ஊட்டத் திரவத்தில், 38 டிகிரி சூட்டில், ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரை வைத்தால் அது முதிர்கிறது. இறந்த குதிரையின் சூலகத்திலிருந்தும் உடனே எடுத்தால் முட்டைகளைக் காப்பாற்ற முடிகிறது.

முதிர்ந்த பின்னும் ஒரு தடை இருந்தது. சோதனைக்கூடத்தில் குதிரையின் விந்தணு முட்டையின் உறையைத் துளைப்பதில்லை. மனிதரில் 1978-இலேயே கைகூடிய சோதனைக்குழாய் முறை, 1990-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் பிறந்த இரு குட்டிகளுக்குப் பின் குதிரையில் தொடரவில்லை. 1996-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார், வெளியே முதிர்வித்த முட்டைக்குள் ஒற்றை விந்தணுவை ஊசியால் செலுத்திக் குட்டி பெற்றனர்; இன்று உலகெங்கும் வழங்குவது இவ்வழியே. விந்தணுவை முன்கூட்டியே பல மணி நேரம் பக்குவப்படுத்தினால் ஊசியின்றியும் கருவுறும் என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2022-இல் நிறுவியது.

நம் நாட்டில் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம், முட்டையை வெளியே கருவாக்கி உலகின் முதல் எருமைக் கன்றை 1990-இல் பெற்றது. குதிரையில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பீகானீர் வளாகம் வேறொரு படியை எடுத்தது. மார்வாரிக் குதிரையின் உடலிலேயே உருவான ஏழரை நாள் கருவை எடுத்து வாடகைத் தாயின் வயிற்றில் வைத்தனர். 2023 மே மாதம் 23 கிலோ எடையோடு ராஜ்-பிரதம் என்னும் குட்டி பிறந்தது. அவ்வாண்டு அக்டோபரில், உறைநிலையில் காத்த கருவிலிருந்து ராஜ்-ஹிமானி பிறந்தது. இவை முட்டையை வெளியே முதிர்வித்த வெற்றிகள் அல்ல. எனினும் கருவை எடுக்கவும், உறைய வைக்கவும், மாற்றுத் தாயிடம் வளர்க்கவும் கற்ற கைகளுக்கே அப்படி எட்டும்.

மார்க்கத்தின் பார்வை என்ன என்று சிலர் வினவலாம். மனிதரில் கணவன் மனைவிக்கிடையே மட்டும் இதனை அனுமதித்து 1980-இல் அல்அஸ்ஹர் அறிஞர் ஜாதுல் ஹக் தீர்ப்பு வழங்கினார். அங்கே காக்கப்படுவது நசப் என்னும் வம்ச உறவு. விலங்குகளுக்கு அச்சட்டம் இல்லை. ஆனால் அவற்றை வதைக்கக் கூடாது என்ற கடமை நம்மீது உண்டு. ஊசி குத்தும்போது வலி தணிக்கப்படுகிறதா, வாடகைத் தாய்க்குதிரை நன்கு பேணப்படுகிறதா என்பன நாம் கேட்க வேண்டிய கேள்விகள். ஆண் விலங்கை இணைசேர விட்டுக் கூலி வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். எனவே உறைவிந்து வணிகத்தில் ஈடுபடுவோர் உலமாக்களிடம் தெளிவு பெற்றுக்கொள்ள வேண்டும்.

அன்று பாண்டியர் குதிரையை வாங்கினர். குதிரையைப் பேணும் அறிவு கப்பலிலிருந்து இறங்கவே இல்லை. இன்று அவ்வறிவு நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் வளர்கிறது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் கதவும் நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறது. மதரஸாவில் ஆதியாத் சூரா ஓதும் பிள்ளை, அதில் சொல்லப்படும் மூச்சிரைக்க ஓடும் குதிரைகளைப் பேணும் கல்வியையும் கற்கட்டும். கற்றதை மறைக்காமல் பிறருக்கும் கொடுக்கட்டும். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் சந்ததிக்கு வழங்குவானாக. அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.